இடம் தெரியாத ஓடு

பாண்டிருப்புச் சேர் மோசம் போய்விட்டார், உயிரோடு இல்லை என்ற செய்தி, லுஹர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது வந்தது. சொன்னவர் ஹனீபா. பழைய காலத்து மண்ணைத் தோண்டி ஆராய்கிற அந்த வாத்தியாரிடம் என்னோடு கூலிக்குக் குழி வெட்டியவர். ஒற்றைச் செருப்போடு படியிறங்கினேன்.

எனக்கு எழுத்து வராது. சேரின் நினைவு மலருக்கென்று நான் சொல்ல மகள் எழுதுகிறாள். சேரை அறிந்த உங்களுக்கு அவருடைய பட்டங்கள் தெரியும். எனக்குத் தெரிந்தது ஒரு குழி.

கல்முனைக்குத் தெற்கே, கடலோரத் தென்னை வளவொன்றில் அதை வெட்டினோம். மேலே சுனாமி கொண்டுவந்த மணல். அதன் கீழே ஒல்லாந்தர் காலத்து நீலப்பூப் பீங்கான். இன்னும் கீழே கறுத்த பானை ஓடுகள். ரோமாபுரிக் கப்பல்கள் திரிந்த காலம்வரை இறங்கிவிட வேண்டும் என்பது சேரின் ஆசை. கண்ட ஓட்டை அசைக்காமல் விட்டு, அளந்து, படம் எடுத்த பிறகே தூக்குவார். “இடத்த விட்டா ஓடு ஊமை, காக்கா” என்பார். அண்ணன் என்ற முறையில் என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு நாள் அவர் அரசாங்க அலுவலாக அம்பாறைக் கந்தோருக்குப் போயிருந்தார். பின்னேரம் மழை பிடித்தது. குழி நிரம்பினால் எல்லாம் போய்விடும் என்று பயந்து இறங்கி, கிடந்த ஓடுகளை எல்லாம் கூடையில் பொறுக்கினேன். போதாததற்குக் கிணற்றடியில் கழுவியும் வைத்தேன்.

மறுநாள் சேர் கூடையைப் பார்த்தார்.

“என்ன காக்கா, கலியாண வீட்டுப் பீங்கான் மாதிரிக் கழுவி வெச்சிருக்கீங்க. எது எங்க கிடந்தது எண்டு இனி ஆர் சொல்றது?”

“நான் செல்றன் சேர்.”

ஹனீபா சிரித்தார். “தன்ட பேர எழுதத் தெரியா. ஓட்டுக்கு விலாசம் செல்லப் போறாராம்.”

வெயில் ஏறும்வரை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். இது தென்னை வேருக்குக் கீழே. இது வெள்ளைச் சிப்பிக்குப் பக்கத்தில், கவிழ்ந்து. முதல்நாள் காலையில் அம்பாறைக்குப் புறப்படுமுன் தான் எடுத்த சில படங்களோடு சேர் ஒப்பிட்டுப் பார்த்தார். பிசகவில்லை.

கடைசியில் ஒன்று மிஞ்சியது. மெல்லிய, சாம்பல் நிற ஓடு; உள்ளே வட்டவட்டமாகப் புள்ளிகள். சேர் அதை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடியில் கிடந்ததென்றால் அவர் தேடிய காலம் அதுதான். மேலே, பின்னாளில் கொட்டிய குப்பையில் கிடந்ததென்றால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

“இது அடியிலதானே காக்கா?”

“ஓம் எண்டு செல்லுங்களன்” என்று ஹனீபா என் காதுக்குள் சொன்னார்.

நினைத்து நினைத்துப் பார்த்தேன். மழையும் என் அவசரமும்தான் ஞாபகத்தில் இருந்தன.

“தெரியா சேர்.”

சேர் அந்த ஓட்டைத் தனிப் பையில் போட்டு, “இடம் தெரியாது” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். “இதுக்குத் தெரியா எண்டு சொன்னபடியால், மத்ததெல்லாத்தையும் நான் நம்பலாம்” என்றார். அறிக்கையில் என் பெயரையும் போட்டார். மறுமுறை தோண்ட அவருக்கு வழி கிடைக்கவில்லை. அதற்காக என்னை ஒரு சொல் சொன்னதில்லை. சந்தையில் கண்டால் மட்டும், “ஞாபகம் வந்திட்டா காக்கா?” என்று சிரிப்பார்.

செத்த வீட்டில், அவருடைய மேசையில் அந்தப் பை இருந்தது. சேரோடு படிப்பித்த ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“இப்பவாவது சொல்லுங்க. அடியில எண்டா அவர்ட பேர் நிக்கும்.”

ஓம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. “தெரியா” என்றேன்.

பிறகு உள்ளே போய்ச் சேரின் முகத்தைப் பார்த்தேன். கூசாமல் பார்க்க முடிந்தது. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அதுதான்.