எட்டில் ஐந்து அங்குலம்

மொன்ட்ரியாலின் இல்-பிசாரில் என் மகன் வீட்டுக் கராஜுக்குள் போக ஐந்து படிகள் இறங்க வேண்டும். ஐந்தாவது படி மற்ற நான்கையும்விட ஒரு விரல் உயரம் கூடியது. யாராவது ஒருநாள் விழுவார்கள் என்று நான் குறைந்தது பதினாறு தடவை சொல்லியிருக்கிறேன். இதுவரை ஒருவரும் விழவில்லை. அதனால் என் கவலை குறைந்துவிடவில்லை.

கராஜில் ஒரு கார் நிற்கிறது. எனக்கும் அதற்கும் பத்து வயதுதான் வித்தியாசம். பெரிய இயந்திரமும் நீண்ட மூக்கும் கொண்ட அந்தக் காலத்து அமெரிக்கக் கார். துருப்பிடித்த கூடாக வாங்கி, நான்கு வருடமாகச் சனி ஞாயிறுகளில் மகன் அதைத் திருத்திக்கொண்டிருக்கிறான். போன மாதம் செம்மஞ்சள் நிறம் அடித்து முடித்தான். மிஞ்சியிருந்தது பொனட்டில் இரண்டு கறுப்புக் கோடுகள். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது எப்படி இருந்தனவோ அப்படியே இருக்க வேண்டும் என்று பழைய படங்களையெல்லாம் தேடி எடுத்து, ஒட்டுநாடாவை ஒட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டான்.

"அப்பா, ஒருக்கா அளந்து பாருங்கோ. உங்களை விட்டால் இந்த வேலைக்கு வேற ஆரு?"

மூன்று தரம் அளந்தேன். வலது கோடு எட்டில் ஒரு அங்குலம் விலகியிருந்தது. சொன்னால் சிரிக்கிறான்.

"தெரியும் அப்பா. ஃபாக்டரியில அப்பிடித்தான் அடிச்சவங்கள். அந்தப் பிழை இல்லையெண்டால் ஒரிஜினல் இல்லை எண்டு சொல்லிப்போடுவாங்கள்."

நான் அடிமட்டத்தை மேசையில் வைத்துவிட்டு, கால் வலிக்கிறது என்று சொல்லி மேலே வந்துவிட்டேன்.

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது நாங்கள் மொன்ட்ரியால்-நோரில் மூன்றாம் மாடியில் இருந்தோம். வெளிப்படி பதினெட்டு, உள்படி பதினாறு. ஊரில் அரசாங்கக் கந்தோரில் படவரைஞராக இருந்த அப்பாவின் சான்றிதழ்களை இங்கே ஒருவரும் விரித்துக்கூடப் பார்க்கவில்லை. அவர் வீட்டுக்கு ஒன்பது தெரு தள்ளியிருந்த கார் திருத்தும் பட்டறையில் நிறம் அடிக்கும் வேலைக்குப் போனார். அடிபட்டு வரும் கார்களை நிமிர்த்தி, தொழிற்சாலையில் செய்தது போலவே மாற்றிக் கொடுக்கும் இடம். கோடு போட்ட வேகக் கார்கள்தான் அங்கே பெரிய தலையிடி. பழைய பொனட்டைக் கழற்றிப் புதியதைப் பூட்டினால், அதில் கோடுகளைத் திரும்ப வரைய வேண்டும். அப்பாவுக்கு முன் இருந்தவன் வரைந்த கோடுகள் பாம்பு போனது போல இருக்குமாம். அப்பா வந்த பிறகு அந்தப் பேச்சு நின்றுவிட்டது. ஒட்டுநாடாவின் ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் தடவிக்கொண்டே போவார். கோடு இழுத்துக் கட்டிய நூல் மாதிரி நிற்கும்.

அந்த வருடம் அப்பாவுக்கு ஒரு பழக்கம் வந்தது. எதைக் கண்டாலும் என்னிடம் எண் கேட்பார். மணிக்கூட்டைக் காட்டி எத்தனை மணி என்பார். நாட்காட்டியைக் காட்டி என்ன திகதி என்பார். பஸ் வந்தால், "அப்பன், எத்தினையாம் நம்பர்?" நான் பட்டென்று சொல்லுவேன். ஊரிலிருந்து வரும் கடிதங்களையும் என்னைக்கொண்டே வாசிப்பித்தார்.

"ஏனப்பா பிள்ளையைப் போட்டுக் கரைச்சல்படுத்திறியள்?" என்று அம்மா கேட்டால், "கணக்கு ஓடட்டும். மூளை தூங்கக் கூடாது" என்பார்.

எனக்கு அது கரைச்சலாகவே இருக்கவில்லை. தினமும் நடக்கும் சோதனையில் தினமும் நூற்றுக்கு நூறு. கேட்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்று வழியில் கண்ட எல்லாவற்றையும் எண்ணத் தொடங்கினேன். படிகள், விளக்குக் கம்பங்கள், தபாற்பெட்டிகள் எதையும் விடவில்லை. படியிறங்கும்போது அப்பா என் தோளில் கை வைத்துக்கொள்வார். அவ்வளவு செல்லம் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமைகளில் என்னைப் பட்டறைக்கும் கூட்டிப்போனார். கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டேன் என்று சொல்லி, அடிமட்டத்தை என்னிடம் தருவார். பொனட்டின் ஓரத்திலிருந்து கோடு தொடங்கும் தூரத்தை நான் வாசிக்க வேண்டும். "ஒன்பது அங்குலம், எட்டில மூண்டு" என்பேன். நாடாவை மயிரிழை நகர்த்துவார். "இப்ப?" "ஒன்பதரை." "கெட்டிக்காரன்." வேலை முடிந்ததும் எனக்கு ஒரு தோடம்பழச் சோடா கிடைக்கும். எல்லாமே தமிழில்தான் நடக்கும். நாங்கள் ஏதோ எங்கள் சாமியைக் கும்பிட்டுவிட்டு வேலை தொடங்குகிறோம் என்று முதலாளி நினைத்திருக்கக்கூடும். அவர் இத்தாலியர், கெட்ட மனிதர் அல்ல. என்னைக் காணும்போதெல்லாம் "கொம்பியாங்?" என்று பிரெஞ்சில் கேட்டுக் கண்ணடிப்பார். எத்தனை என்று அர்த்தம். அப்பா என்னிடம் ஓயாமல் கேட்கும் கேள்வியை அவரும் கண்டுபிடித்திருந்தார்.

பனி உருகத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை. செம்மஞ்சள் நிறக் கார் ஒன்று நின்றது. புதிய பொனட், இரண்டு கறுப்புக் கோடுகள், பகல் பன்னிரண்டு மணிக்குச் சொந்தக்காரர் வருவார். இடது கோட்டுக்கு நாடா ஒட்டி முடிந்த நேரத்தில் முதலாளி என்னைக் கூப்பிட்டு, மூலையில் இருந்த தெப்பனேர் என்ற சின்னக் கடையில் கோப்பி வாங்கி வரச் சொன்னார். எல்லோருக்கும் ஐந்து கோப்பி. போக இருநூற்றுப் பன்னிரண்டு காலடி. கடையில் எனக்கு முன்னால் ஆறு பேர். கோப்பி ஊற்றிய பெண் யாருடனோ தொலைபேசியில் கதைத்துக்கொண்டே ஊற்றினாள். திரும்பி வந்தபோது கோப்பி பாதி ஆறியிருந்தது. அப்பா எனக்காகக் காத்திருக்கவில்லை. காத்திருக்க அவரை விட்டிருக்க மாட்டார்கள். சீக்கிரம் காயும் கறுப்பு நிறத்தை அடித்து, அது காய்ந்து, நாடாவும் உரித்தாகிவிட்டது.

முதலாளியும் கார்க்காரரும் இரண்டு அடி பின்னுக்கு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோடுகள் நேராகத்தான் இருந்தன. கார்க்காரர் விசிலடித்தார். நான் கோப்பியை வைத்துவிட்டு, ஒருவரும் கேட்காமலே அடிமட்டத்தை எடுத்தேன். இடது பக்கம் ஒன்பதரை. வலது பக்கம் பத்தும் எட்டில் ஒன்றும்.

அந்த வாரந்தான் பள்ளிக்கூடத்தில் பின்னங்களை பிரெஞ்சில் சொல்லி வகுப்பில் முதலாவதாக வந்திருந்தேன். மூன்று பெரியவர்களுக்கு முன்னால் அதைக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. நிமிர்ந்து நின்று, சத்தமாக, பிரெஞ்சில், வலது கோடு எட்டில் ஐந்து அங்குலம் பிழை என்று அறிவித்தேன்.

முதலாளி முதலில் சிரித்தார். என் தலையைத் தடவினார். பிறகு அடிமட்டத்தை வாங்கித் தானே அளந்தார். சிரிப்பு நின்றது. அப்பாவிடம் அடிமட்டத்தை நீட்டி, ஒரு கோட்டில் விரலை வைத்து, "கொம்பியாங்?" என்றார்.

அப்பா அடிமட்டத்தைக் கையில் வாங்கினார். கட்டைவிரலால் அதைத் தடவினார். பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

அப்பாவுக்கு பிரெஞ்சில் எண் தெரியாது, அதுதான் முழிக்கிறார் என்று எனக்குப் பட்டது. பத்துக்கான பிரெஞ்சுச் சொல்லை, வகுப்பில் பக்கத்துப் பையனுக்குச் சொல்லிக் கொடுப்பது போல, "டிஸ், அப்பா, டிஸ் எண்டு சொல்லுங்கோ" என்று கிசுகிசுத்தேன். பட்டறை முழுவதற்கும் அது கேட்டிருக்கும்.

முதலாளி என் தோளைப் பிடித்து, மெதுவாகத்தான், கதவுக்கு வெளியே கொண்டுபோய் விட்டார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவர் அப்பாவுக்கு முன்னால் நாலைந்து அடி தள்ளி நின்று மூன்று விரல்களைக் காட்டினார். அப்பா ஏதோ சொன்னார். பிறகு முதலாளி இரண்டு விரல்களைக் காட்டினார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கோட்டைத் திரும்ப அடிக்க மூன்று நாளா இரண்டு நாளா என்று பேரம் பேசுகிறார்கள் என்றுதான் நான் முடிவுசெய்தேன். இரண்டு நாள் போதும், அப்பா கெட்டிக்காரர் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அப்பா பிறகு அந்தப் பட்டறைக்குப் போகவில்லை. சலரோகம் என்ற நீரிழிவு அவருடைய கண்களின் பின்புறத்தைப் பழுதாக்கிக்கொண்டிருந்தது. அவர் அதை அம்மாவிடமும் மறைத்திருந்தார். அம்மா ஜான்-டலோன் சந்தையில் மரக்கறி தெரிந்தெடுத்துப் பெட்டியில் அடுக்கும் வேலைக்குப் போனா. அப்பா வீட்டில் வானொலிக்குப் பக்கத்தில் பத்தொன்பது வருடம் இருந்தார். இப்போது எனக்கும் அதே வருத்தம். நாளுக்கு ஏழு குளிசை, நான்கு மாதத்துக்கு ஒருமுறை கண் வைத்தியர். சுவரில் உள்ள எழுத்துகளில் கடைசி வரிக்கு முந்தியது வரை வாசிக்கிறேன். போன முறையும் அதே வரிதான். மகனுக்கு இதில் பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்குப் பட்டறையில் நடந்ததற்காக நான் என்னை மன்னித்துவிட்டேன் என்று சொல்லலாம். பதினொரு வயதுப் பிள்ளை உண்மையைச் சொன்னது. எட்டில் ஐந்து என்றால் எட்டில் ஐந்துதான். என்னால் கடக்க முடியாதது அதற்குப் பிறகு வந்த அரை மணித்தியாலம்.

பஸ் தரிப்பிடத்தில் நானும் அப்பாவும் நின்றோம். பட்டறைக்கு நடந்துதான் வந்திருந்தோம். திரும்பிப் போகும்போது தண்ணீரும் பனியுமாகக் கிடந்த றோட்டில் நடக்க அவருக்கு மனமில்லை. எனக்குக் கோபம். சரியான விடை சொன்னதற்கு ஒரு 'கெட்டிக்காரன்' இல்லை, சோடா இல்லை. அப்பாவின் கை என் தோளில் இல்லை. இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டிருந்தார். அந்தத் தரிப்பிடத்தில் மூன்று வெவ்வேறு இலக்கப் பஸ்கள் நிற்கும். எங்களுடையது நாற்பத்தெட்டு.

முதல் நாற்பத்தெட்டு வந்தது. அப்பா எத்தனை என்று கேட்கவில்லை. கேட்டால்தானே சொல்லலாம் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். ஆட்கள் ஏறினார்கள், கதவு மூடிக்கொண்டது. இரண்டாவது வந்தது. அதற்கும் அவர் கேட்கவில்லை. என்னைத் தண்டிக்கிறார், யார் முதலில் கதைப்பது என்று பார்க்கிறார், சரி, நானும் பார்க்கிறேன் என்று நின்றேன். மூன்றாவது வந்தபோது சப்பாத்துக்குள் கால்விரல்கள் விறைத்திருந்தன. பத்தையும் ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தேன். சாரதி கதவைத் திறந்துவைத்து எங்களைப் பார்த்தார். அப்பா ஒரு அடி முன்னுக்கு வைத்து, பிறகு பின்னுக்கு எடுத்துவிட்டார்.

நான்காவது நாற்பத்தெட்டும் எங்களைக் கடந்து போனது. நான் எண்ணினேன், சொல்லவில்லை. அப்பா றோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பார்க்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.