ஒரு வட்டம், ஒரு கட்டம்

போன வாரம் ஓர் இளைஞர் வீட்டுக்கு வந்தார். வம்சாவளி பார்க்கும் மரபணுப் பரிசோதனைக்காக என் மகள் செய்த ஏற்பாடு. கையில் விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய். “சார், இதுல துப்புங்க” என்றார். வாழ்க்கையில் என்னிடம் துப்பாதே என்று சொன்னவர்கள்தான் அதிகம். ஒருவர் பணிவாகக் கேட்டு நான் துப்புவது அதுவே முதல் தடவை. துப்பினேன். மூடியைத் திருகினார், சீட்டு ஒட்டினார், ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் கையைத் துடைத்துக்கொண்டார். ஐந்தே நிமிஷத்தில் என் ஏழு தலைமுறையும் அவர் தோள்பையில் ஏறி லிஃப்டில் இறங்கிப் போய்விட்டது. காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டேன். நேரமில்லையாம்.

அவர் போன பிறகும் ஸ்பிரிட் வாசனை கூடத்தில் நின்றது. எனக்கு அந்த வாசனை ஆஸ்பத்திரி வாசனை இல்லை. திருவனந்தபுரத்து ஆடி மழை, ஈரச் சுவர், புதிதாக இறக்கிய காப்பி, இவற்றோடு கலந்த ஒன்று. கண்ணை மூடினால் போதும், கிழக்கேகோட்டையில் பஸ்ஸிலிருந்து இறங்கி விடுவேன்.

எழுபதுகளின் நடுவில் நாகர்கோவிலிலிருந்து ஒரு விலங்கியல் பட்டத்தோடு அங்கே போய்ச் சேர்ந்தேன். பிறவிச் செவிடு குடும்பங்களில் எப்படி இறங்கி வருகிறது என்று மெடிக்கல் காலேஜ் துறை ஒன்றில் ஒரு டாக்டர் மேடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். கோட்டைக்குள் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பேசி எழுத ஓர் ஆள் தேவை. எனக்குத் தமிழ் தெரியும், தகுதி அவ்வளவுதான். ஆனால் ஊருக்கு எழுதிய கடிதத்தில் “மரபணு ஆராய்ச்சியில் இருக்கிறேன்” என்று எழுதினேன். அப்பா அதை ஏதோ நோய் என்று நினைத்து, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் பதில் போட்டார்.

வேலை எளிது. ஆண் என்றால் கட்டம், பெண் என்றால் வட்டம். கல்யாணம் என்றால் இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு, பிள்ளை என்றால் அதிலிருந்து கீழே ஒரு கோடு. உறவுக்குள் கல்யாணம் என்றால் இரட்டைக் கோடு. நம் ஆட்களுக்கு வரைந்தால் தாள் முழுக்க ரயில் தண்டவாளமாக ஓடும். காது கேட்காதவர்களின் கட்டத்தையும் வட்டத்தையும் வீடுகளில் சிவப்புப் பென்சிலால் நிரப்பிக்கொள்வேன். பிறகு துறைக்கு வந்து, கறுப்பு மையால் சுத்தப் பிரதி எடுப்பேன். கொஞ்ச நாளில் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் கட்டமும் வட்டமுமாக மிதக்க ஆரம்பித்தார்கள். தூக்கத்தில் கோடுகள் மழைபோல் இறங்கும். எனக்குக் கோடு இழுக்க ஒரு வட்டமும் அகப்படவில்லை என்பது வேறு விஷயம்.

என்னோடு தங்கம்மா சிஸ்டர் வருவார். ரத்தம் எடுப்பது அவர் வேலை. கதவைத் திறக்க வைப்பதும் அவர் வேலைதான். அது எமர்ஜென்சி காலம். கையில் ஃபைலோடு வந்து “உங்களுக்கு எத்தனை குழந்தைகள்?” என்று ஒருவன் கேட்டால் ஆண்கள் பின்வாசல் வழியாகப் போய்விடுவார்கள். குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடிக்க வந்தவன் என்று பயம். ஒரு வீட்டில் குடும்பத் தலைவர் கிணற்றடியில் வாழை மறைவில் நின்றுகொண்டே மூன்று தலைமுறையைச் சொன்னார். இன்னொரு வீட்டில் ஓட்டுக்குப் பெயர் எடுக்கிறேன் என்று நினைத்து, தன் கட்சியை என் காதோடு சொன்னார் ஒரு பெரியவர். அதையும் எழுதிக்கொண்டேன், எந்தக் கட்டத்தில் போடுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். சிஸ்டர் மட்டும் எந்த வீட்டிலும் முதலில் தண்ணீர் வாங்கிக் குடிப்பார், தொட்டிலில் இருப்பதைத் தூக்குவார். அப்புறம் கையை நீட்டாதவர்கள் கிடையாது.

அப்படித்தான் அலமேலு மாமி வீட்டுக்குப் போனோம். மூத்த பிள்ளை ராமுவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அச்சாபீஸில் எழுத்துக் கோப்பவன். அடுத்தவள் காமாட்சி. நன்றாகக் கேட்கும், நன்றாகப் பேசுவாள். அண்ணனுக்குக் காது இல்லை என்று தெரிந்ததும் வெளியில் போன ஜாதகமெல்லாம் திரும்பி வந்ததில், மாமியின் தம்பி மணிக்கே அவளைக் கொடுப்பதாக முடிவாகியிருந்தது. பதினாலு வயசு வித்தியாசம். ஆவணியில் முகூர்த்தம்.

ரத்தம் எடுக்கும்போது எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். எழுத வந்த நானே திருப்பிக்கொள்வேன். காமாட்சி மட்டும் ஊசி ஏறுவதைக் கண்கொட்டாமல் பார்த்தாள். “இவளை எனக்குத் தாங்க மாமி, நல்ல நர்ஸாக்கித் தாரேன்” என்றார் சிஸ்டர். மாமி சிரித்தாள். காமாட்சி சிரிக்கவில்லை. அடுத்த வாரம் சிஸ்டர் அவளுக்கு நர்சிங் காலேஜ் விண்ணப்பம் கொண்டுபோய்க் கொடுத்தது எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

பெயர்களைச் சரிபார்க்க, வம்சாவளித் தாளை ஒரு ராத்திரி அந்தந்த வீட்டிலேயே விட்டுவிட்டு வருவது எங்கள் வழக்கம். மறுநாள் வாங்கி, ஃபைலில் வைத்தேன். சுத்தப் பிரதி எடுத்தது ஒரு மாதம் கழித்து, நல்ல மழை நாளில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. அந்த நேரத்தில் ஆராய்ச்சி செய்வது நானா என் பேனாவா என்று சொல்ல முடியாது. மாமி வீட்டுத் தாளில் மூன்று இடங்களில் சிவப்பு. மூன்றையும் கறுப்பாக்கினேன். கறுப்பானவர்களைக் காது பரிசோதனைக்குக் கூப்பிட்டுத் தபால் அட்டை போட வேண்டும், போட்டேன். ராமுவுக்கு ஏற்கெனவே பரிசோதனை ஆகிவிட்டிருந்தது. ஆகையால் அட்டை இரண்டு: ஒன்று காமாட்சிக்கு, ஒன்று மணிக்கு. எனக்குக் காப்பி கொடுத்து, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்ன பெண் அவள் என்பது மையில் தோய்ந்திருந்த மண்டைக்கு உறைக்கவில்லை.

தபால் அட்டை என்பது வீட்டுக்கு வருமுன் தெருவுக்கு வரும் சாதனம். இரண்டு பேருக்கும் காதில் கோளாறு, இப்போது கேட்டாலும் இனிமேல் போகும், ரத்தத்தில் மிஷின் கண்டுபிடித்துவிட்டது என்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து காமாட்சியிடம் எல்லோரும் உரக்கவும் நிறுத்தி நிறுத்தியும் பேசினார்களாம். கீரைக்காரி ஜன்னலில் வாயை வைத்து “கீ…ரை!” என்று கத்தினாளாம். கல்யாணத்தை நிறுத்தி வைத்தார்கள்.

பரிசோதனை நாளில் இருவரும் வந்தார்கள். சுவரில் சாக்கு அடித்த சிறிய அறை. காதில் கருவியை மாட்டிக்கொண்டு, சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். காமாட்சி தூக்கிக்கொண்டே இருந்தாள். சிஸ்டர் வெளியே வந்து, “எனக்கே கேக்காத சத்தம் அவளுக்குக் கேக்குது. அந்த ஆளுக்கும் அப்படியே” என்றார்.

மேடம் என்னைப் பார்த்தார். நான் ஓடிப்போய்ப் பழைய தாளை எடுத்து வந்தேன். மேடம் ஒரு வட்டத்தை விரலால் தேய்த்தார். விரல் சிவந்தது. மூக்கருகே கொண்டுபோனார்.

“எந்தாடோ இது?”

குங்குமம். கல்யாணம் நிச்சயமான பெயர்கள் இருக்கும் தாள் ராத்திரி வீட்டில் தங்கியிருக்கிறது; மாமி அதைப் பூஜையில் வைத்து, பெண்ணின் வட்டத்திலும் மாப்பிள்ளையின் கட்டத்திலும் மங்களமாக ஒரு பொட்டு வைத்திருக்கிறாள். அந்த மங்களத்தைத்தான் நான் செவிடாக்கியிருக்கிறேன்.

“நல்லா கேக்கற ரெண்டு பேரோட காதை ஒரு பேனாவால அறுத்துட்டல்லோ! இப்பவே மன்னிப்புக் கேட்டு லெட்டர் எழுது. இன்னைக்கே போகணும்” என்றார் மேடம்.

எழுதிக்கொண்டு வெளியே வந்தேன். வராந்தா பெஞ்சில் ஒரு கோடியில் காமாட்சி, மறு கோடியில் மணி, நடுவில் அவருடைய குடை சொட்டிக்கொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். தப்பு முழுக்க என்மேல்தான் என்றேன். சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தேன். இருவரும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“லெட்டர் எப்போ ஆத்துக்கு வரும்?” என்று கேட்டாள் காமாட்சி.

“நாளைக்கே வந்துரும்.”

“பத்து நாள் கழிச்சு வரப்படாதா?”

எனக்குப் புரியவில்லை. அவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள். “நர்சிங்குக்கு இடம் கெடச்சிருக்கு. கல்யாணம் நின்னுபோச்சுன்னதும், காது போறதுக்குள்ள ஒரு உத்தியோகமாவது இருக்கட்டும், போய்ச் சேருன்னு அப்பா சொல்லிட்டார். சேர இன்னும் பத்து நாள் இருக்கு. நாளைக்கு இந்த லெட்டர் வந்தா ஆவணியில முகூர்த்தம்தான்.” காது போகப்போகிறவளை எந்தக் காலேஜ் சேர்க்கும் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

என் பின்னாலேயே வந்திருந்த சிஸ்டர் மெதுவாகச் சொன்னார். “மோளே, செவிடுங்கிற பேர் ஒட்டிக்கிட்டா அப்புறம் போகாது.”

“ஒட்டிக்கட்டும். பேர்தானே, காதில்லையே.”

அப்போதுதான் மாப்பிள்ளை பக்கத்திலேயே இருக்கிறார் என்பது எங்கள் மூவருக்கும் உறைத்தது. மணி செருமினார். செக்ரடேரியட்டில் குமாஸ்தா, அவர் உரக்கப் பேசியதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

“சார், அந்த லெட்டரை இங்க கொடுங்கோ. தபால் எதுக்கு? அக்கா ஆத்துக்குத்தானே, நானே கொண்டுபோய்க் கொடுத்துடறேன்.”

காமாட்சியின் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. கொடுக்காமல் இருக்க எனக்கு உரிமை இல்லை. கொடுத்தேன். அவர் அதை நாலாக மடித்து உள்பையில் வைத்தார். குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“ஆனா ஒண்ணு, சார். நான் பெரிய மறதிக்காரன். எப்போ கொடுப்பேன்னு எனக்கே தெரியாது.” பிறகு அவளிடம்: “அசடே, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமோல்லியோ? உன்னைத் தோள்ல தூக்கிண்டு திரிஞ்சவன் நான். அக்கா கேட்டா, மாட்டேன்னு சொல்ல எனக்கும் வாய் வரலை.”

குடையை அவளிடமே கொடுத்துவிட்டு நனைந்துகொண்டு போனார்.

“லெட்டர் போச்சா?” என்று மேடம் சாயங்காலம் கேட்டார். “போச்சு மேடம்” என்றேன். பொய் இல்லை. சிஸ்டர் அந்தப் பக்கம் திரும்பிப் பஞ்சு சுருட்டிக்கொண்டிருந்தார். தோள் மட்டும் குலுங்கியது. சுத்தப் பிரதியில் இரண்டு பேரையும் அன்றைக்கே வெள்ளையாக்கினேன். அறிவியலுக்கு நான் துரோகம் செய்யவில்லை. தபால் இலாகாவுக்கு வேண்டுமானால் செய்திருக்கலாம்.

காமாட்சி சேர்ந்தாள். சீருடையில் ஒரு நாள் துறைக்கு வந்து சிஸ்டருக்கு லட்டு கொடுத்தாள். எனக்குப் பாதி. பிறகு எங்கோ வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள் என்று கேள்வி. லெட்டர் எப்போது வீடு போய்ச் சேர்ந்தது என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. பல வருஷம் கழித்து மணியைக் கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லெட்டரை எப்போது கொடுத்தீர்கள் என்று கேட்டேன். “எந்த லெட்டர்?” என்று சிரித்தார். கரமனை பஸ் வந்தது, ஏறிவிட்டார்.

இப்போது மாமி வீடு இருந்த இடத்தில் லாட்ஜ். தங்கம்மா சிஸ்டரும் இல்லை, மேடமும் இல்லை. துறை புதுக் கட்டடத்துக்கு மாறியபோது வம்சாவளித் தாள்களையெல்லாம் பழைய பேப்பருக்குப் போட்டார்களாம். அதில் ஒரு தாளில் மணியின் கட்டம் இருந்தது. பக்கத்தில் கோடு இல்லாமல், கீழேயும் கோடு இல்லாமல். வரைந்துகொண்டிருந்த நாளில், அந்த மனுஷன் அன்றைக்கு விட்டுக்கொடுத்ததைப் போட எங்களிடம் ஒரு குறி இருக்கவில்லை. இப்போது தாளும் இல்லை.