அரசியலமைப்புச் சட்டம் வாங்கிக் கொடுத்த கிறிஸ்துமஸ் விருந்து

நேற்று சாயங்காலம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இந்திய அரசியலமைப்புச் சட்டம் திறந்து கிடந்தது. காரணம், என் அண்ணி!

அண்ணி என்றால் கணவரின் அக்கா. இருப்பது தமிழ்நாட்டுப் பக்கம், பொறையாரில். (பூவம் எல்லையைத் தாண்டினால் வந்துவிடும். ஆனாலும் விசா எடுத்து வருவதைப் போலத்தான் காரைக்காலுக்கு வருவார்!)

எனக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து குடும்பத்தின் கிறிஸ்துமஸ் விருந்து அண்ணி வீட்டில்தான். நான் வருடாவருடம் புதுப்புடவை கட்டிக்கொண்டு விருந்தாளியாகப் போய்வருகிறேன். ஒரு தடவையாவது எல்லோரையும் என் வீட்டில் உட்காரவைத்து என் கையால் பரிமாற வேண்டும் என்று ஆசை. யாரிடமும் சொன்னதில்லை.

நேற்று எப்படியோ வாயில் வந்துவிட்டது.

"இந்த வருஷம் இங்க வச்சிக்கலாமா அண்ணி?"

"இங்கயா? உங்க ஊர்ல விருந்து வச்சா நம்ம ஆம்பளைங்க ஒருத்தரும் வீடு வந்து சேர மாட்டாங்க ஜெசி!"

(இங்கே சரக்கு அவ்வளவு மலிவு. மறுக்க முடியவில்லை!)

அதோடு விட்டிருக்கலாம்.

"பாண்டிச்சேரிக்கு வாலு மாதிரி ஒரு ஊரு. அதுவும் ஒட்டாத வாலு! கெவர்மெண்டு புஸ்தகத்துல எங்கயாச்சும் உங்க ஊரு பேரு இருக்கா?"

சுருக்கென்றது. மகளின் சட்டக் கல்லூரிப் புத்தகத்தை எடுத்துவந்து மேசையில் வைத்தேன்.

"இதுல இருந்தா கிறிஸ்துமஸ் இங்கதான். சரியா?"

"சரி. இல்லன்னா இந்தப் பேச்சையே இனிமே எடுக்கக் கூடாது."

கணவர் நடுவர். (அக்காவுக்கு எதிராக இதுவரை ஒரு தீர்ப்பும் சொல்லாதவர்!)

யூனியன் பிரதேசங்களைப் பற்றிய எட்டாம் பகுதியைப் புரட்டினேன். புதுச்சேரி இருந்தது. காரைக்கால் இல்லை.

"பாத்தியா? பாண்டிதான் இருக்கு!" அண்ணி நிம்மதியாக ஒரு முறுக்கைக் கடித்தார்.

தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மூட மனமில்லாமல் புத்தகத்தின் ஆரம்பத்துக்குப் போனேன். முகவுரை. அடுத்து முதல் பகுதி, முதல் சட்டப்பிரிவு. இந்தியா என்பது எது என்று சொல்லும் இடம். அங்கே ஊர்ப்பெயர் ஒன்றுகூட இல்லை. மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும் எவையென்று முதல் அட்டவணையைப் பார்க்கச் சொல்கிறது. அட்டவணைகளோ புத்தகத்தின் கடைசியில்!

முன்னால் சட்டம், பின்னால் விவரம். அப்படித்தான் அடுக்கியிருக்கிறார்கள்.

பின்பக்கங்களுக்கு ஓடினேன். முதல் அட்டவணை, புதுச்சேரிக்கு எதிரே, பிரெஞ்சுக்காரர்கள் வசமிருந்த ஊர்கள்: பாண்டிச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம்!

"முதல் அட்டவணையில இருக்கு அண்ணி!"

அண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டினார்.

"கா... ரி... கல். இது காரிக்கல்லுடி! உங்க ஊரு இல்ல!"

(பழைய ஆங்கில எழுத்து. ஒரு 'ஏ' குறைகிறது!)

இருவரும் நடுவரைப் பார்த்தோம்.

அவர் தொண்டையைச் செருமினார். "அக்கா, ரேஷன் கார்டுல ஒம் பேரு கூடத்தான் தப்பா இருக்கு. அதுக்காக நீ இல்லன்னு ஆயிடுமா?"

அண்ணிக்கு முறுக்கு புரையேறியது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். அது அடங்கியதும் என் கையைப் பிடித்தார்.

"இவ்ளோ ஆசைய மனசுல வச்சிக்கிட்டு ஏண்டி இத்தன வருஷமா சொல்லல?"

எனக்கும் தெரியவில்லை. கேட்டால் கிடைக்கும் என்று தோன்றவே இல்லை போல.

ஆக, இந்த வருடம் கிறிஸ்துமஸ் காரைக்காலில்!

வாசலில் செருப்பை மாட்டும்போது அண்ணி திரும்பினார். "முதல் அட்டவண உங்களோடதா இருக்கட்டும் ஜெசி. சமையல் அட்டவண நான்தான் போடுவேன்!"

இதற்கு ஒரு திருத்தம் கொண்டுவர வழி உண்டா? சட்டம் படித்தவர்கள் கமெண்ட்டில் வந்து காப்பாற்றுங்கள்!