இன்னுங் கொஞ்சம் சத்தம்

எங்கள் வீட்டில் யாரும் மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. பனியன் துணி பின்னும் நிட்டிங் கம்பெனியை ஒட்டிய லைன் வீடு. சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின்கள் ஓடிக்கொண்டே இருக்கும். உப்பு கேட்பதற்கே தொண்டை கிழியும். புதிதாக வருகிறவர்கள் ஏதோ சண்டை என்று வாசலிலேயே நின்றுவிடுவார்கள். அந்தக் கம்பெனியில்தான் அப்பா ஃபிட்டர். மெஷினில் கோளாறு என்றால் மற்றவர்கள் காது கொடுத்துக் கேட்பார்கள். அப்பா உள்ளங்கையை மெஷின்மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். எங்கப்பா கையாலேயே கண்டுபிடிப்பார் என்று பள்ளிக்கூடத்தில் நான் பீற்றிக்கொள்வேன்.

அக்கா அப்போது மெட்ராஸ் காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு தூரம் அனுப்ப அப்பாவுக்கு மனசே இல்லை. இவள் அடம்பிடித்துப் போனாள். போனதிலிருந்து செல்போனில் அவளோடு அப்பா பேசுவதில்லை. நான் போனை நீட்டினால், "அம்மாகிட்டக் குடு சாமி" என்று நகர்ந்துவிடுவார். அப்பாவுக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்று அக்கா அழுவாள். அந்த வாரம் பேச்சுப் போட்டியில் அவளுக்கு முதல் பரிசு. காலேஜ்காரர்கள் வீடியோவை இணையத்தில் போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குக் கூப்பிடுவதாகவும், அதற்குள் அப்பாவைக் கேட்க வைக்க வேண்டும் என்றும் என்னிடம் சொல்லியிருந்தாள். "நல்லா இருந்துச்சுன்னு ஒரே ஒரு வார்த்தை அவர் வாயால சொன்னாப் போதும்டி" என்றாள்.

கம்ப்யூட்டர், மாமா வேலை பார்த்த எக்ஸ்போர்ட் ஆபீஸ் கழித்துப்போட்டது. அம்மாவின் தம்பியான அவர்தான் அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் ஏற்றிக் கொண்டுவந்தார். "வைரஸ் கிட்டயே வராதுங்க" என்று பெருமையடித்தார். உண்மைதான். ஆனால் சத்தமும் வரவில்லை. அக்கா வாயசைக்கிறாள், கையை ஆட்டுகிறாள், ஒரு சொல்லும் கேட்கவில்லை. மூலையிலிருந்த ஸ்பீக்கர் படத்தை அமுக்கி உச்சிவரை ஏற்றினேன். ம்ஹூம். பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் வேறு போய்விடும். எனக்கோ பொறுமை என்பது அப்போதும் கிடையாது. மாமாவுக்குப் போன் போட்டு உடனே வரச் சொல்லிக் கத்தினேன்.

மாமா வந்து ஒயரைப் பிடுங்கிச் செருகினார். பாட்டுப் போட்டார், பாட்டு கேட்டது. வீடியோவுக்கு மட்டும் ஊமை. "பிளகின் தகராறும்மா இது" என்று தலையைச் சொறிந்தார். காலையிலிருந்தே திறந்துகிடந்த பாட்டு புரோகிராம் சத்தத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு பிரவுசருக்கு விடவில்லையாம். அதை மூடி, பிரவுசரை மறுபடி திறந்தால் அக்கா குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. வால்யூமை ஏற்றினால் அசையவே இல்லை. மாமா கறுப்புத் திரை ஒன்றில் ஏதோ தட்டினார். சத்த அளவைக் காட்டும் கம்பங்கள் வரிசையாக வந்தன. நான் ஏற்றிக்கொண்டிருந்தது ஒரு கம்பம், வீடியோவுக்கு வேண்டியது அடுத்த கம்பம். அது தரையோடு தரையாகக் கிடந்தது. அதை ஏற்றினார், பாருங்கள், வீடே அதிர்ந்தது!

"என் அப்பா ஒரு நிட்டிங் ஃபிட்டர்" என்று தொடங்கினாள் அக்கா. அம்மா முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா திரையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னுங் கொஞ்சம் வைய்யி கண்ணு."

வைத்தேன். "இன்னுங் கொஞ்சம்" என்றார்.

"ஏனுங்க மச்சான், இதுக்கு மேல வெச்சா ஸ்பீக்கர் கிழிஞ்சுருமுங்க!" என்று மாமா அலறினார். ஞாயிறு என்பதால் பக்கத்தில் மெஷின்கூட ஓடவில்லை. பேச்சு முடிந்து நாங்கள் கைதட்டினோம். எங்களைப் பார்த்துவிட்டு அப்பாவும் தட்டினார்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. ஓடிப்போய் அப்பாவிடம் நீட்டினேன். கையில் வாங்கியவர், காதில் வைக்காமலே அம்மாவிடம் கொடுத்துவிட்டார். எனக்கு வந்ததே ஆத்திரம்! காலையிலிருந்து நாயாய் அலைந்தது இதற்குத்தானா? போனைப் பிடுங்கி, "அப்பா முழுசாக் கேட்டாருக்கா, ஒன்னுமே சொல்லல" என்றேன்.  அக்கா, "சரி, விடு" என்று வைத்துவிட்டாள்.

மெஷின் சத்தத்தில் கிடந்து கிடந்து அப்பாவுக்குக் காது முக்கால்வாசி போயிருந்தது. தெரிந்தால் வேலை போய்விடுமே என்று அம்மாவிடம்கூட அவர் சொல்லவில்லை. இதெல்லாம் எங்களுக்குத் தெரிய இன்னும் எத்தனையோ வருஷம் ஆனது.

மாமா கிளம்பிப் போனபின் அப்பா என்னைக் கூப்பிட்டார். "இன்னொருக்கா வைய்யி கண்ணு." கரண்ட் போகக் கொஞ்ச நேரம் இருந்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வைத்தேன். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உள்ளங்கையை ஸ்பீக்கர்மேல் பதித்தார். கண்ணை மூடிக்கொண்டார். அக்கா பேசி முடிக்கும்வரை கையை எடுக்கவேயில்லை.

"என்னங்கப்பா, சூடாயிருச்சுங்களா?" என்று கேட்டேன்.