பஸ் ஸ்டாண்டில் கிடந்தவர் சூசை அண்ணன்

சூசை அண்ணன் இறந்த செய்தி எனக்குச் சிரிப்போடு வந்து சேர்ந்தது. "என்னா சேகரு, ஒங்க கூட்டாளி ஃபுல்லா ஏத்திக்கிட்டு விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுல மட்டையாயிட்டாரு. வந்து அள்ளிக்கிட்டு போங்க" என்றார் போனில் ஒருவர். பின்னால் இன்னும் சிலர் சிரிப்பது கேட்டது. பேசியவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. அண்ணனின் முப்பதாம் நாள் பூசைக்கு அவரும் வருவார், முன்வரிசையில் உட்காருவார். இது தனக்குத்தான் என்று அவருக்குத் தெரியும்.

அண்ணனும் நானும் அன்றைக்கு ஒரே பஸ்ஸில் புதுச்சேரியிலிருந்து திரும்பியவர்கள். என் வீடு மங்கலம்பேட்டையில். நான் இறங்கிக்கொண்டேன், அவர் ஜன்னல் வழியாகக் கையாட்டிவிட்டு விருத்தாசலம் போனார். போன் வந்தபோது நான் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். பைக்கை விரட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தால், சிமெண்ட் பெஞ்சுக்குக் கீழே ஒருக்களித்துக் கிடக்கிறார். கை சில்லிட்டிருந்தது. மாரடைப்பு என்றார் டாக்டர். நெஞ்சு வலித்தவுடன் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றும் சொன்னார். யார் கொண்டுவருவது? சட்டையில் கள் நாற்றம் அடித்ததாம். சுற்றிப் போயிருக்கிறார்கள், எல்லோரும்.

அடக்கத்தன்று அவர் மனைவி மேரி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "குடிச்சே செத்தாருன்னு கல்லறையிலயே நின்னு பேசிக்கிறாங்க தம்பி. நீங்கதான கூட போனீங்க? நீங்க சொல்லுங்க."

சொல்கிறேன் அக்கா. கத்தியே சொல்கிறேன்.

நாங்கள் இருவரும் ஒரு பீங்கான் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். நான் ஆபீஸில், அவர் சரக்குப் பிரிக்கும் இடத்தில். சூளையிலிருந்து வந்த கப்பையும் ஜாடியையும் விரலால் சுண்டிச் சத்தம் கேட்பார். கணீரென்றால் நல்லது, டொக்கென்றால் உள்ளே விரிசல். ஒருநாள் கரி அப்பியிருந்த ஒரு கப்பைக் காட்டி, "இது கழிவுதானண்ணே?" என்று கேட்டுவிட்டேன். அதை எடுத்து என் கையிலேயே வைத்தார். "கண்ணால பாத்து வேணாம்னு சொல்றதுக்கு நீ என்ன பொண்ணு பாக்கவா வந்திருக்க? தட்டிப் பாருய்யா." தட்டினேன். கணீரென்றது. அன்றிலிருந்து எங்களுக்குள் சிநேகம்.

தவக்காலம் முழுக்க ஒரு சொட்டுத் தொடமாட்டார். ஈஸ்டர் முடிந்து வருஷத்துக்கு ஒரே ஒரு நாள் புதுச்சேரிக் கடலோரத்துக் கள்ளுக்கடைகளுக்குப் போவோம். நம் பக்கம் கள் இறக்க அனுமதி இல்லை, அங்கே உண்டு. பக்கத்துத் தெருவிலேயே பாட்டில் கிடைக்கும்போது இதற்காகவா பஸ் ஏறுகிறீர்கள் என்று கேலி செய்யாதவர்கள் கிடையாது. "பாட்டில் கடை வாசல்ல ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்க மாட்டான். கள்ளுக்கடையில ஒக்காந்து பேசலாம்" என்பார் அண்ணன். பேசவும் செய்வார். கள் இறக்குபவர், சுண்டல் விற்கும் அம்மா, வலையை உலரப் போட்டுவிட்டு வந்த மீனவர் என்று யாரையும் விடமாட்டார்.

கடைசியாகப் போன அன்றும் அப்படித்தான். தோப்புக்குள் இருந்த முதல் கடையில் ஒரு கோப்பை தென்னங்கள். குடிப்பதற்கு முன் கோப்பையைக் காதருகே வைத்து நுரையின் சத்தம் கேட்டார். "காலைல எறக்குனது. பேசுது பாரு" என்று என் காதிலும் வைத்தார். மெல்லிய இரைச்சல் கேட்டது. மணலில் நடந்து இரண்டாவது கடைக்குப் போனோம். அங்கே பனங்கள் ஒரு கோப்பை, நெத்திலி வறுவல் ஒரு தட்டு. மூன்றாவது கடையில் காதில் வைத்தவர் முகத்தைச் சுளித்துக் கீழே வைத்துவிட்டார். "இதுல என்னமோ கலந்திருக்குது, வேணாம்பா." எழுந்திருக்கும்போது, ஜாடியோடு வந்த கடைக்காரர் கால் இடறி, அத்தனையையும் அண்ணன் மேலேயே கொட்டிவிட்டார். பதறிப்போன அவரை அண்ணன்தான் சமாதானப்படுத்தினார். "வுடுய்யா, சட்டைக்கும் ஒரு நாளு வேணாமா?"

அந்த நாற்றம்தான் உங்கள் மூக்கில் ஏறியது. அந்தச் சட்டையைப் பார்த்துத்தான் தீர்ப்பெழுதினீர்கள். அதற்குப் பிறகு மீன் குழம்புச் சோறு சாப்பிட்டோம், வெயில் தாழும்வரை கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தவரே அவர்தான். அவர் போதையில் இல்லை.

இவ்வளவும் எழுதிய பிறகு இப்போது என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது. எதற்காக இத்தனை கோப்பை என்று உங்களிடம் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறேன்? சரி, குடித்திருந்தார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கடையிலும் குடித்து, நிற்க முடியாமல் விழுந்தார் என்றே இருக்கட்டும். குடித்தவனுக்கு நெஞ்சு வலிக்காதா? குடித்தவன் தரையில் கிடந்தால் சாகலாமா? அவர் இரண்டு கோப்பைதான் குடித்தார் என்று நிரூபித்தால்தான் நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்றால், அந்த வருத்தம் எங்களுக்கு வேண்டாம். வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பஸ் ஸ்டாண்டில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. அவர் கையால் தட்டிக் கொடுத்த கப்பில் டீ குடிக்கிறவர்கள், அவரோடு கோயிலில் பாடியவர்கள், அவர் வீட்டுக் கிறிஸ்துமஸ் பிரியாணி தின்றவர்கள். என்னைக் கூப்பிட்டுச் சொன்னவர்கூட டீக்கடையில் நின்றுகொண்டுதான் பேசினார். அங்கிருந்து அந்தப் பெஞ்சுக்கு எட்டி நடந்தால் போய்விடலாம். யாராவது ஒருவர், "அண்ணே, எழுந்திருங்கண்ணே" என்று தோளில் ஒரு தட்டு தட்டியிருந்தால் போதும். வாழ்நாளெல்லாம் தட்டிப் பார்க்காமல் ஒரு கப்பைக்கூட ஒதுக்காத மனிதரை, ஒருவர்கூடத் தட்டிப் பார்க்கவில்லை.

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்த ஒரு பழக்கம்தான். போன வாரம் அதே பஸ் ஸ்டாண்டில், கழிப்பறைச் சுவரோரம் ஒருவர் குப்புறக் கிடந்தார். வாடை குடலைப் பிடுங்கியது. குந்தி உட்கார்ந்து தோளைத் தட்டினேன். அசையவில்லை. பயந்துபோய் மறுபடியும் பலமாகத் தட்டினேன். "எவன்டா அவன்? தூங்க வுடுறா!" என்று ஒரு கெட்ட வார்த்தையோடு புரண்டு படுத்தார். சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணன் வாயால் அப்படி ஒரு திட்டு வாங்க அன்றைக்கு யாருக்கும் கொடுத்துவைக்கவில்லை.

பூசைக்கு வருகிறவர்கள் மாலை வாங்கிக்கொண்டு வராதீர்கள். பஸ் ஸ்டாண்டில் இறங்குவீர்கள் அல்லவா? யாராவது கிடந்தால் தட்டிப் பாருங்கள். திட்டினால் வாங்கிக்கொண்டு வாருங்கள்.