ஓடாத முள்ளும் ஒரிஜினல் டாக்டரும்

மீட்டர் ரிப்பேர் என்பது ஓடாத முள்ளுக்கும் ஓயாத வாய்க்கும் நடுவில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. வாட்ச், மிக்ஸி, மோட்டார் என்று எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டு உட்காருகிறவரானால் உங்களுக்கும் இது தெரிந்திருக்கும். அதனால் என் வயிற்றெரிச்சலை உங்களிடம் கொட்டுவதில் எனக்குக் கூச்சமில்லை.

‘அது’ என்றால் நான்

கல்யாணத்துக்கு முன்னால் ஒன்பது வருஷம், சென்னைக்குப் பக்கத்தில் ஒரு ஃபேக்டரியில் கார் மீட்டர் பூட்டுகிற லைனில் இருந்தேன். திண்டிவனத்தில் என் வீட்டுக்காரர் அந்தோணிக்கு ஆட்டோ எலக்ட்ரிக் கடை. ஒயரிங் அவர், மீட்டர் நான். போர்டில் மட்டும் ‘அந்தோணி ஆட்டோ எலக்ட்ரிக்கல்ஸ்’.

ஒருநாள் காலையில் விழுப்புரத்துப் பல் டாக்டர் தன் சிவப்புக் காரில் வந்து இறங்கினார். இரண்டே பேர் உட்காரும் பழைய இங்கிலாந்து வண்டி. கடையில் நான் சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்திருக்கிறேன். என்னைத் தாண்டிப் பார்த்து, “மெக்கானிக் எங்கம்மா?” என்றார். உள்ளிருந்து வந்த அந்தோணி, “மீட்டருன்னா அதுதான் சார் பாக்கும்” என்று என் பக்கம் தாடையைக் காட்டினார். ‘அது’ என்றால் நான். பத்து வருஷக் குடித்தனத்தில் அந்த வார்த்தைக்குப் பழகிவிட்டேன்.

டாக்டர் என்னை ஒருமுறை, சால்டரிங் அயர்னை ஒருமுறை பார்த்தார். பிறகு பெரிய மனதோடு அனுமதி கொடுத்தார்: “சரி, இவங்க பிரிக்கட்டும். நீ பக்கத்துலயே நின்னு பாத்துக்கோ அந்தோணி.”

ஸ்டார்ட் ஆனா போதும்

டாக்டரின் குறை இதுதான். இஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஆர்.பி.எம். மீட்டர் செத்துக் கிடக்கிறது. என்றைக்கிலிருந்து? இஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்க மூடித் திறக்கும் பழைய பாயிண்டைக் கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டிய நாளிலிருந்து.

அந்த மீட்டர் பழைய காலத்து ஆள். தீப்பொறிக்கான காயிலுக்குப் போகும் ஒயர் அதன் முதுகில் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் போகும். பாயிண்ட் திறக்கும்போதெல்லாம் அந்த ஒயரில் கரண்ட் வெடுக்கென்று அறுபடும். மீட்டர் அதை எண்ணி முள்ளை நகர்த்தும். புது இக்னிஷனில் அந்த வெடுக் வேறு தினுசு. அது மீட்டரின் காதில் விழவில்லை. இதைச் சொல்லி, “பழைய பாயிண்டையே போட்டுடலாம் சார், முள்ளு தானா ஓடும்” என்றேன். “காலையில ஸ்டார்ட் ஆவாதும்மா” என்றார். “அப்ப மீட்டருக்குள்ள மாத்தணும்.” “அது ஒரிஜினல். தொடக்கூடாது.” மூன்று வாரத்தில் விழுப்புரத்தில் பழைய கார் கண்காட்சியாம். போன தடவை முள் படுத்துக்கொண்டதால்தான் கப்பு போனதாம். இந்த முறை முள் ஓடினால் கிளப்பில் இருக்கிற ஐந்தாறு கார்களை நம் கடைக்கே அனுப்புவதாகவும் சொன்னார். அந்தோணியின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

இக்னிஷன் மாட்டியது கோட்டக்குப்பத்துக் காசிம் பாய். துபாயில் இருபது வருஷம் வண்டி வேலை பார்த்தவர். போன் போட்டேன். மனுஷன் சிரித்தார். “நான் அப்பவே சொன்னேன் தங்கச்சி, மீட்டரு படுத்துக்கும்னு. ‘ஸ்டார்ட் ஆனா போதும் பாய், ஜல்தியா மாட்டு’ன்னாரு.”

நாலாயிரம்

உள்ளே கை வைக்காமல் ஒரு முயற்சி செய்தேன். முதுகில் ஒரு சுற்று சுற்றியிருந்த ஒயரை இரண்டு சுற்றாக்கினேன். சில மீட்டருக்கு அது போதும். அந்தோணி வண்டியை ஸ்டார்ட் பண்ணினார். முள் துள்ளி எழுந்து நாலாயிரத்தில் போய் நின்று நடுங்கியது. வண்டியோ ஆக்சிலேட்டரைத் தொடாமல் சும்மா நின்றுகொண்டு உறுமுகிறது. எண்ணூறு, மிஞ்சினால் தொள்ளாயிரம் காட்ட வேண்டும்.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். டாக்டர் கை தட்டினார். “ஓடுது பாரு, போதும்மா!” “சார், நிக்கிற வண்டிக்கு நாலாயிரம் காட்டுது. பொய்யில்லையா?” என்றேன். அதற்கு அவர் சொன்னதை வரி மாறாமல் தருகிறேன்: “நாலாயிரம்னா நல்ல இஞ்சின்னுதானேம்மா அர்த்தம்?”

யார் பல்

பொய் முள்ளைக் கொடுத்தனுப்ப எனக்கு மனம் வரவில்லை. முகப்பு, முள், அதை அசைக்கும் காயில் எல்லாம் பழையதாகவே இருக்கட்டும், எண்ணுகிற பாகத்தை மட்டும் மாற்றி, தீப்பெட்டி அளவில் ஒரு புது போர்டு செய்து உள்ளே வைக்கிறேன் என்று பேசிப் பேசி சம்மதிக்க வைத்தேன். சம்மதித்த மனிதர் மூன்றாம் நாள் கடைக்கு வந்து, மேஜையில் மீட்டர் தனித்தனியாகக் கிடப்பதைப் பார்த்து, “ஐயையோ!” என்று நெஞ்சில் கை வைத்தார். அவர் பதறியதிலும் நியாயம் உண்டு. அந்த முகப்பின் பெயிண்ட் ஒரு சில்லு பெயர்ந்தால் இந்த ஊரில் மாற்று கிடையாது. மூன்று நாளாக நானும் முள்ளைத் தொடும்போதெல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன்.

“நீங்க வேர் சிகிச்சைன்னு என்ன பண்றீங்க சார்? பல்லை அப்படியே விட்டுட்டு, உள்ள கெட்டுப்போனதை எடுத்துட்டு வேற ஒண்ணு அடைக்கறீங்க. அதுக்கப்புறம் அது அவங்க பல்லா, உங்க பல்லா?” என்று கேட்டேன். நெஞ்சிலிருந்த கையை எடுத்துவிட்டு, “பல்லுக்கு யாரும்மா கப்பு குடுக்கறாங்க?” என்றார்.

பெட்ரோல் எதுக்கு

முள் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க எனக்குக் கார் தேவையில்லை. வீட்டுக் கரண்ட் நொடிக்கு ஐம்பது முறை துடிக்கிறது. நாலு சிலிண்டர் வண்டிக்குச் சுற்றுக்கு இரண்டு துடிப்பு, ஆகவே அது நிமிஷத்துக்குச் சரியாக ஆயிரத்து ஐந்நூறு சுற்று. ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மரில் கரண்டைக் குறைத்து மீட்டருக்குக் கொடுத்தேன். முள் நிதானமாக எழுந்து ஆயிரத்து ஐந்நூறுக்குக் கொஞ்சம் மேலே நின்றது. சின்ன திருகை அரைச் சுற்று திருப்பினேன். கோட்டின் மேல் வந்து உட்கார்ந்தது, நடுக்கமே இல்லை. துடிப்பை இரட்டிப்பாக்கினேன். மூவாயிரம்.

அந்த நிமிஷத்து சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். அந்தோணி பஸ் ஒன்றின் அடியில் படுத்திருந்தார். பக்கத்துத் தையல் கடை செல்வி அக்காவைக் கூட்டி வந்து காட்டினேன். இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “வண்டியே இல்லாம ஓடுதே, அப்பறம் பெட்ரோலு எதுக்குடி ஜெசி?”

கப்பு

கண்காட்சி ஒரு கல்யாண மண்டபத்து மைதானத்தில். ஐந்தாறு கார்களின் ஆசையில் அந்தோணி சலவைச் சட்டையோடு கிளம்ப, நானும் போனேன். டாக்டர் காரைச் சுற்றி நல்ல கூட்டம். அவர் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க முள் பட்டுப்போல ஏறி இறங்குகிறது. “மீட்டர் யார்கிட்ட பண்ணீங்க டாக்டர்?” என்று கிளப்காரர் ஒருவர் கேட்டார். நாங்கள் இரண்டடி தள்ளித்தான் நிற்கிறோம். “பண்றதா? ஒரிஜினல் சார், ஒருத்தர் கை படல” என்றார் டாக்டர். அந்தோணி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

நடுவர் சென்னையிலிருந்து வந்த ரிட்டயர்டு எஞ்சினியர். பானெட்டைத் திறந்தார். முள்ளைப் பார்த்தார், இக்னிஷனைப் பார்த்தார். “எலக்ட்ரானிக் இக்னிஷன் ரூல்ல உண்டு, ஆனா அதுக்கு இந்த மீட்டர் ஓடாதே. மொத்தமா டூப்ளிகேட் மாட்டியிருக்கீங்க” என்று சொல்லிவிட்டு டாக்டர் பெயரை அடிக்கப் பேனாவை எடுத்தார். டாக்டருக்கு வேர்த்துவிட்டது. “இல்ல சார், டூப்ளிகேட் இல்ல. தோ, இவர்தான் உள்ள பண்ணாரு” என்று அந்தோணியின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார்.

“என்ன பண்ணீங்க?” என்றார் நடுவர். அந்தோணி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு சத்தமாகவே சொன்னார்: “நான் ஒயருதாங்க. உள்ள எல்லாம் ஜெசிந்தா பண்ணுச்சு, என் சம்சாரம். அதோ நிக்கறாங்க.” ஊர் கேட்க என் பெயரை அவர் சொன்னது அன்றுதான் முதல் தடவை. முன்னால் போய் எது பழசு, எது புதுசு, எங்கே வைத்தேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். நடுவர் தன் கைக்கருவியை வைத்து இஞ்சினை அளந்தார். அவர் கருவியும் என் முள்ளும் ஒரே எண்ணைச் சொல்லின. பேனாவை மூடினார். ‘அசல் கார்’ பரிசு கிடையாது, ‘நல்ல பழுதுபார்ப்பு’ பரிசு உண்டு என்றார்.

அந்தச் சின்னக் கப்பை டாக்டர்தான் மேடையேறி வாங்கினார். கீழே இறங்கி நேராக என்னிடம் வந்தார். நன்றி சொல்லத்தான் வருகிறார் என்று நானும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றேன். “நீ மட்டும் வாயத் தொறக்காம இருந்திருந்தா, பெரிய கப்பும்மா” என்றார்.

ஆகவே இந்தத் தொழிலுக்கு வருகிற சகோதர சகோதரிகளே, முள் ஓடாவிட்டால் அது நம் கைராசி, ஓடினால் இங்கிலாந்துக்காரன் கெட்டிக்காரத்தனம் என்பதை மட்டும் முதல் நாளே மனப்பாடம் செய்துகொண்டுவிட்டு உட்காருங்கள்.