காற்றைக் கடைந்த வருஷம்

ஆவடி போகிற சாலையில் இருந்தது எங்கள் பயிற்சி மையம். உள்ளே நுழைந்ததும் சுவர் முழுக்க ஒரு பேனர். அதில் ஒரு ரோபோ கையை நீட்டி நம்மை எதிர்காலத்துக்கு வா வா என்று கூப்பிடும். அதன் கீழே, உள்ளிருப்பது தெரிகிற கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள், மையத்தின் ஒரே சி.என்.சி. மிஷின். கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தபடி தானாகவே இரும்பைக் கடைந்து தருகிற மிஷின் அது. மிஷின் கதவின் கைப்பிடிக்குப் பக்கத்தில், போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் கலையாமல் இருந்தன. எவ்வளவு பக்தியாக வைத்திருக்கிறார்கள் என்று முதல் நாள் மெச்சிக்கொண்டேன்.

நான் அப்போது முப்பதைத் தாண்டியவள். அதற்கு முன் அம்பத்தூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். கம்பெனி வேறு ஊருக்குக் கிளம்பிப் போய்விட்டது, முதுகுவலி மட்டும் என்னோடு தங்கிவிட்டது. இனிமேல் குனிந்து தைக்க உடம்பு இடம் கொடுக்காது என்று ஆனதும், நின்றுகொண்டு செய்கிற தொழில் எது என்று விசாரித்துத்தான் இங்கே வந்து சேர்ந்தேன். வகுப்பில் இருந்தவர்கள் எல்லாரும் பள்ளிக்கூடம் முடித்து வந்தவர்கள். நான் மொத்த வகுப்புக்கும் அக்கா.

சொல்லிக் கொடுத்த சார் பொறுமைசாலி. எந்தப் பட்டன் எதற்கு, எந்த எண்ணை எங்கே போட வேண்டும் என்பதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற மாதிரி பழக்கிவிட்டார். ஆனால் மிஷினுக்குள் இரும்பை மட்டும் வைக்க விடமாட்டார்.

“ஜாப் போட்டா டூல் உடையும்மா. உடைஞ்சா யார் பதில் சொல்றது? காத்துல ஓட்டிப் பாருங்க, அது போதும்.”

ஜாப் என்றால் கடைய வேண்டிய இரும்புத் துண்டு, டூல் என்றால் அதைச் சீவுகிற உளி. ஜாபைக் கவ்விப் பிடிக்கிற வாய்க்குச் சக் என்று பெயர். எங்கள் சக் ஒன்றையும் கவ்வியதில்லை. பெடலை மிதிப்போம், வெறும் வாய் மூடும். கதவைச் சாத்துவோம், பச்சைப் பட்டனை அழுத்துவோம். டூல் வந்து காற்றை அழகாகக் கடைந்துவிட்டுப் போகும். கதவை இழுக்கும்போது பொட்டில் கை படக்கூடாது என்று வேறு சொல்லியிருந்தார். காற்றைக் கடைவதில் நான்தான் வகுப்பில் முதல். சான்றிதழை மேனாம்பேட்டில் எங்கள் வீட்டு டிவிக்கு மேலே மாட்டி வைத்தேன்.

பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில், வண்டிகளுக்குப் போகிற புஷ் என்கிற இரும்பு வளையம் செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் அப்ரண்டிஸ் ஆனேன். ஒரு வருஷம். வருஷ முடிவில் தனியாக மிஷின் ஓட்டத் தெரிந்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் கை குலுக்கி அனுப்பிவிடுவார்கள் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். எனக்கு இதுவும் போனால் வேறு போக்கிடம் இல்லை.  வீட்டுக்காரர் தினமும் நான் செருப்பைக் கழற்றும்போது என் முகத்தைப் பார்ப்பார்.

அங்கே போனால், என் கையில் ஓர் அரத்தைக் கொடுத்து, கடைந்து வந்த புஷ்களின் ஓரத்தில் பிசிறு எடுக்கச் சொன்னார்கள். மிஷின் பக்கம் கூட்டவும் துடைக்கவும்தான் அனுமதி. அந்த வருஷ ஆயுத பூஜைக்கு எல்லா மிஷினையும் நான்தான் தேய்த்துத் துடைத்தேன். ஆனால் பொட்டு வைப்பது அந்தந்த மிஷினை ஓட்டுகிறவர் மட்டும்தான், அது அந்த ஷெட்டின் வழக்கம். நான் பொரிப் பொட்டலம் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றேன். எனக்கு ஒரு மிஷின் கொடுங்கள் என்று சூப்பர்வைசரை நச்சரித்துக்கொண்டே இருந்தேன். அவர் என்னைவிடச் சின்னவர், பூந்தமல்லிக்காரர், வாய் துடுக்கு.

ஒரு காலையில், ஒரு மிஷின்காரர் வீட்டு விசேஷம் என்று வரவில்லை. சூப்பர்வைசர் என் பக்கம் திரும்பினார்.

“யக்கா, ஓட்டுவியா?”

“ஓட்டுவேன் சார்.”

அரத்தைக் கீழே வைத்த வேகத்தில் அது உருண்டு எங்கோ போனது. மிஷின் முன்னால் நின்று, மனதுக்குள் சாமி கும்பிட்டு, எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். பெடலை மிதித்தேன். கதவைச் சாத்தினேன். பச்சைப் பட்டனை அழுத்தினேன். என்ன அருமையாக ஓடியது! சூடு தணிக்கிற கூலண்ட் தண்ணீர் பாலாகப் பீய்ச்சி அடித்தது. கையைக் கட்டிக்கொண்டு கண்ணாடி வழியாகப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து நின்றார்.

“இன்னாக்கா பண்ணிகினு கீற?”

“ஓட்றேன் சார்.”

“ஓட்றது தெர்து. எத்த ஓட்ற?”

அப்போதுதான் பார்த்தேன். சக்கின் வாயில் ஒன்றும் இல்லை. கடைய வேண்டிய துண்டுகள் என் காலுக்குப் பக்கத்தில் டிரேயில் வரிசையாக இருந்தன. அவற்றில் ஒன்றை எடுத்து உள்ளே வைக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அந்த ஒரு வேலையை மட்டும்தான் நான் ஒருநாளும் செய்து பழகவில்லை.

ஷெட்டே சிரித்தது. சாப்பாட்டு நேரத்தில் ஆளாளுக்கு, “இன்னாக்கா, காத்து எத்தினி பீஸ் ஆச்சு?” என்று கேட்டார்கள். நானும் சிரித்து வைத்தேன். பிறகு பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். மதியம் மறுபடியும் அரம் கைக்கு வந்தது.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். சனிக்கிழமை நேராக ஆவடி மையத்துக்குப் போய் சாரைப் பிடித்துக்கொண்டேன். எங்களை ஏமாற்றிவிட்டீர்கள், அந்த ரோபோ படத்தைக் கிழித்துப் போடுங்கள் என்று வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன்.  கடைசியில் அவர் மிஷின் மேல் கையை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

“துண்டு இரும்பு கேட்டு எழுதிப் போட்டுக்கிட்டேதான் இருக்கேன், வரல. இந்த மிஷின் வந்ததுல இருந்து நானும் இதுல இரும்பைத் தொட்டதில்லம்மா. எனக்கும் பயம்தான்.”

அதற்கு மேல் அவரிடம் என்ன சண்டை போடுவது? திரும்பி வந்தேன்.

திங்கட்கிழமை கூட்டிக்கொண்டிருந்தபோது கழிவுத் தொட்டி கண்ணில் பட்டது. நீளக் கம்பியை வெட்டி வெட்டிக் கடைந்த பிறகு, கடைசியில் மிஞ்சும் கட்டைத் துண்டுகள் அதில் குவிந்து கிடந்தன. பழைய இரும்புக் கடைக்குப் போகிறவை. எனக்குக் கொஞ்சம் கொடுங்கள் என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். அவர் முதலாளியைக் கேட்க வேண்டும் என்றார். முதலாளியே ஷெட்டுக்கு வந்து, “எதுக்கும்மா?” என்றார்.

“ஆவடி மையத்துல இருந்து வர்றவங்க எல்லாரும் காத்துலதான் சார் ஓட்டிப் பழகிட்டு வர்றோம். இங்க வந்து உங்க டூலை உடைக்கிறதுக்குப் பதிலா அங்கேயே உடைச்சிட்டு வரட்டுமே.”

அவர் சிரித்துவிட்டார். “சரி, எடுத்துக்கோ” என்றார். சூப்பர்வைசர் முனை மழுங்கிய பழைய டூல்களையும் ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்து, “மறு பக்கம் இன்னும் நல்லா கீது, திருப்பிப் போட்டுக்கினு ஓட்டு” என்றார். கேலி செய்கிற வாய்தான் அதையும் சொன்னது.

அதிலிருந்து சனிக்கிழமை மதியங்களில் நான் இரும்பு சுமந்தேன். பஸ்ஸில் என் பையில் கால் இடித்துக்கொண்ட கண்டக்டர், “இன்னாமா இது, கல்லு மூட்டையா?” என்று கத்தினார்.

மையத்தில் சார் பிளாஸ்டிக் உறையைக் கழற்றினார். நான் துண்டை வைத்தேன், சக் முதல்முறையாக ஒன்றைக் கவ்வியது. பட்டனை அழுத்தியதும் நாங்கள் அங்கே கேட்டறியாத சத்தம், பிறகு ‘டக்’. டூல் உடைந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யாரும் ஓடி வரவில்லை, யாரும் விளக்கம் கேட்கவில்லை. சார் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, “அவ்வளவுதானா?” என்றார். வேகத்தைக் குறைத்து, இன்னொரு டூலைப் போட்டு, மறுபடியும் ஓட்டினோம். இரும்பு சுருள் சுருளாகக் கழன்று விழுந்தது. அடுத்தடுத்த வாரங்களில் புதிய வகுப்பினரும் சுற்றி நின்று முறை போட்டு ஓட்டினார்கள். உடைத்தார்கள், திட்டு வாங்கினார்கள், கற்றுக்கொண்டார்கள். நானும் அவர்களோடுதான் கற்றேன்.

வருஷம் முடிகிற வாரத்தில் சூப்பர்வைசர் சொன்னார்: “நாளைக்கு ஷிஃப்ட் முழுக்க நீயே ஓட்டு. உன்ன வெச்சுக்கறதா வோணாமான்னு அத்த பாத்துதான் சொல்வாங்க.”

மறுநாள் துண்டை வைத்து, பெடலை மிதித்து, கதவைச் சாத்தினேன். விரல் பச்சைப் பட்டனுக்குப் போனபோது பக்கத்து மிஷின்காரர்கள் எல்லாரும் திரும்பி நின்றார்கள்.

“யக்கா, உள்ள ஜாப் கீதா?”

இருக்கிறது என்று நன்றாகத் தெரியும். இருந்தாலும் கதவைத் திறந்து, துண்டைக் கையால் பிடித்து ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் மூடினேன். சிரிப்பவர்கள் சிரித்தார்கள். சாயங்காலம் என் டிரேயில் இருந்த புஷ்களை ஒவ்வொன்றாக அளந்து பார்த்த சூப்பர்வைசர், மூலையில் கிடந்த என் அரத்தை எடுத்துப் புதிதாக வந்திருந்த அப்ரண்டிஸ் கையில் கொடுத்தார். அப்படித்தான் எனக்கு வேலை உறுதியானது தெரிந்தது.

அதற்கு அடுத்த ஆயுத பூஜைக்கு என் மிஷினுக்கு நானே பொட்டு வைத்தேன்.  விடுமுறை முடிந்து மிஷினை ஓட்ட ஆரம்பித்தால், கூலண்டும் எண்ணெயும் வழிகிற கையோடு கதவை இழுத்து இழுத்து மூடியதில் சாப்பாட்டு நேரத்துக்குள் பொட்டு போயே போய்விட்டது.

அந்தச் சனிக்கிழமை துண்டுப் பையோடு மையத்துக்குப் போனேன். மிஷின் மேல் உறை இல்லை, சாரின் வண்டி அதைப் போர்த்திக்கொண்டு வெளியே மழையில் நின்றது. கதவின் கைப்பிடிக்குப் பக்கத்தில் பொட்டு இருந்த இடத்தில் எண்ணெய்க் கைத்தடங்கள் மட்டும் அப்பியிருந்தன. நான் அதையே பார்ப்பதை சார் கவனித்துவிட்டார்.

“பசங்க கை பட்டு, வெச்ச மறுநாளே போச்சும்மா” என்றார், தப்பு செய்தவர் மாதிரி.

“என்னுது மத்தியானத்துக்குள்ளயே போயிடுச்சு சார்” என்றேன்.